அலை உண்டு, இணைப்பு இல்லை!

கம்பியின் துணையின்றிச் செய்தி அனுப்பும் கலை மனிதன் கண்ட அருங்கலைகளுள் ஒன்று. 1971-ஆம் ஆண்டில் ஹவாய்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் நார்மன் ஆப்ராம்சனும் அவர்தம் குழுவினரும், தீவுகளில் சிதறிக் கிடந்த கல்வி நிலையங்களை வானலைகளால் ஒரு கணிப்பொறியோடு இணைத்துக் காட்டினர். 'அலோகா' என்பது அவ்வலையின் பெயர். இன்று நாம் வை-பை என்று வழங்கும் முறைக்கு 1997-ல் உலகப் பொதுவிதிகள் பிறந்தன. 2005-ல் இந்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைப்பட்டையை உரிமமின்றிப் பயன்படுத்த இசைவு தந்தது. பல்கலைக்கழகத்தில் பிறந்த அக்கலை இன்று மாணவர் விடுதியின் மாடிப்படி வரை வந்துவிட்டது.

வந்தும் பயன் என்ன? குகட்பள்ளியில் நம் மாணவர் தங்கும் விடுதிகளில் ஒரு காட்சியை அடிக்கடி காணலாம். கைப்பேசியில் அலைக்குறி நிறைந்து நிற்கும். பக்கம் ஒன்றேனும் திறவாது. நாளை நேர்காணல் ஒருவனுக்கு. தேர்வுக் கட்டணம் செலுத்த இன்றிரவே இறுதி என்பது மற்றொருவனுக்கு. ஊரிலுள்ள அன்னையின் முகம் பாதியில் உறைந்துபோயிற்று என்பது வேறொருவனுக்கு. தமிழ்நாட்டிலிருந்து இவ்வூருக்கு வரும் மாணவன் முதன்முதல் பிழையின்றிக் கற்கும் தெலுங்குத் தொடர் 'நெட் ராவட்லேது' என்பதே எனலாம்! விடுதிக்காரரும் இரக்கமற்றவர் அல்லர். மேலும் ஒரு ரௌட்டர் வாங்கி மாட்டுகிறார். குறை தீர்வதில்லை, சில வேளை வளர்கிறது.

இஃது ஏன்? அலை என்பது பாதை மட்டுமே. பாதை போட்டுவிட்டால் மட்டும் கடிதம் வீடு சேர்ந்துவிடாது. வீட்டுக்கு எண் வேண்டும், ஊர்ப் பெயரேடு வேண்டும், அஞ்சலகக் கடிகாரம் வேண்டும், ஆளறிந்து கொடுக்கும் தபால்காரர் வேண்டும். அவ்வாறே வலையமைப்புக்கும் முகவரி, பெயரேடு, நேரம், அடையாளம், பதிவேடு என்ற ஐந்து பணிகள் வேண்டும். அலை நன்றாயிருந்தும் இணைப்பு இல்லையெனின், இவ்வைந்தனுள் ஒன்று நின்றுவிட்டதா என்பதை முதலில் காண வேண்டும். அவை எங்கே நடைபெறுகின்றன, எங்ஙனம் பழுதுறுகின்றன என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கண்ட்ரோலர் என்பது யாது?

வீட்டிலுள்ள சிறு ரௌட்டர் தானே அலை பரப்பி, தானே முகவரி வழங்கி, தானே காவலும் காக்கிறது. ஒரு வளாகத்தில் இருநூறு இடங்களில் அலை வேண்டுமெனின் இம்முறை உதவாது. இருநூறு பெட்டிகளையும் ஒருவர் தனித்தனியே திறந்து அமைப்பது இயலுமா? ஆகவே அலை பரப்பும் ஆக்சஸ் பாயிண்டுகளை எளிய கருவிகளாக்கி, அவற்றை ஆளும் அறிவை ஓரிடத்தில் வைத்தனர். அவ்விடமே கண்ட்ரோலர். இவ்விரண்டும் தம்முள் பேசிக்கொள்ளும் முறைக்குக் 'காப்வாப்' என்னும் பொதுவிதி 2009-ல் வெளியாயிற்று.

எந்த ஆக்சஸ் பாயிண்ட் எந்த அலைவரிசையில் பேசுவது, எவ்வளவு உரத்துப் பேசுவது, நடந்து செல்லும் மாணவனை ஒன்றிடமிருந்து மற்றொன்று எங்ஙனம் ஏற்றுக்கொள்வது என்பவற்றையெல்லாம் கண்ட்ரோலர் பார்த்துக்கொள்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசைகளாக நாம் வழக்கமாகக் கொள்வன மூன்றே: 1, 6, 11. கே.பி.எச்.பி. குடியிருப்பைப் போலச் சுவரோடு சுவர் ஒட்டிய விடுதிகள் நிறைந்த இடத்தில், ஒவ்வொருவரும் தம் விருப்பம்போல் ரௌட்டர் மாட்டினால் என்ன நேரும்? சந்தையில் அனைவரும் ஒரே நேரத்தில் கூவுவது போலாகும். புதிய ரௌட்டர் குறையை வளர்ப்பதற்கு இது முதற் காரணம். மற்றொரு காரணத்தை முகவரிப் பகுதியில் காண்போம்.

முதற் பணி: முகவரி

வலையில் புகும் கருவி ஒவ்வொன்றுக்கும் ஐ.பி. முகவரி ஒன்று வேண்டும். அதனைக் கேட்டு வாங்கித் தரும் முறைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். அது 1993-ல் முதன்முதல் வகுக்கப்பட்டு, 1997-ல் செப்பம் செய்யப்பட்டது. நான்கே உரையாடல்கள். கருவி, "முகவரி தருவார் யாரேனும் உளரோ?" என்று பொதுவில் கேட்கிறது. பணியகம், "இதோ ஒன்று" என்று காட்டுகிறது. கருவி, "அதனையே எனக்குத் தருக" என்கிறது. பணியகம், "தந்தோம், இத்தனை மணி நேரம் அது உன்னுடையது" என்று உறுதி செய்கிறது.

இறுதிச் சொல்லைக் கூர்ந்து நோக்குக. முகவரி சொந்தமன்று, குத்தகை. குத்தகைக் காலத்தில் பாதி கழிந்ததும் கருவி புதுப்பிக்கக் கேட்கும். கேளாது வெளியே சென்றுவிட்ட கருவியின் முகவரியும் காலம் முடியும்வரை அதன் பெயரிலேயே இருக்கும்.

இப்பொழுது ஒரு கணக்குப் போடுவோம். விடுதியொன்றில் 150 மாணவர். ஆளுக்கொரு கைப்பேசி, ஒரு மடிக்கணினி எனின் 300 கருவிகள். வழக்கமான சிறு வலையில் பயன்படும் முகவரிகள் 254. அவற்றுள் ஒன்று வாயிலுக்குப் போக எஞ்சுவன 253. ஆக, 47 கருவிகளுக்கு இடமில்லை! மாலையில் வந்து போகும் விருந்தினரையும் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம். குத்தகை 24 மணி நேரமெனின், காலையில் வந்து போனவரின் முகவரிகூட நள்ளிரவிலும் விடுபடாது. கடைசியில் வந்தவனுக்கு அலை கிடைக்கும், முகவரி கிடையாது. கணினியாயின் 169.254 என்று தொடங்கும் எண்ணொன்றைத் தானே சூட்டிக்கொண்டு நிற்கும். அவ்வெண்ணைக் கண்டால், 'எனக்கு யாரும் முகவரி தரவில்லை' என்று அது முறையிடுவதாகப் பொருள் கொள்க.

இதற்கு மருந்து புதிய ரௌட்டர் அன்று. முகவரித் தொகுதியை இருமடங்காக்கினால் 510 முகவரிகள் கிடைக்கும். குத்தகையைச் சில மணி நேரமாகக் குறைக்கலாம். மிகவும் குறைத்தாலும் தீங்குண்டு. பணியகம் சிறிது நேரம் நின்றாலே எல்லோரும் ஒருங்கே முகவரி இழப்பர். எண்ணிக்கையும் பழக்கமும் அறிந்து அளவிட வேண்டும்.

முகவரி வழங்கும் பணியைக் கண்ட்ரோலருக்குள்ளேயே வைக்கலாமா? சிறு வளாகமெனின் வைக்கலாம், செலவு குறைவு. ஆயிரக்கணக்கானோர் பயிலும் இடத்தில் தனிப் பணியகம் வைத்து, கண்ட்ரோலர் வேண்டுகோளை அங்கே அனுப்பிவைத்தல் நன்று. ஒரு தோளில் எல்லாச் சுமையும் ஏற்றினால், அது சாய்ந்த நாளில் அனைத்தும் சாயும். ஆக்சஸ் பாயிண்டுகளும் தம் கண்ட்ரோலர் எங்கேயுள்ளது என்பதைப் பெரும்பாலும் இதே டி.எச்.சி.பி. விடையின் வழியாகவோ பெயரேட்டின் வழியாகவோ அறிகின்றன. முகவரிப் பணி பிழைத்தால் மாணவனோடு ஆக்சஸ் பாயிண்டும் வழி தெரியாது நிற்கும்.

புதிய ரௌட்டர் செய்யும் இரண்டாம் தீங்கு இங்கேதான் உள்ளது. யாரோ ஒருவர் வீட்டு ரௌட்டரைக் கொணர்ந்து, அதன் லேன் துளையில் விடுதியின் கம்பியைச் செருகிவிடுகிறார். அப்பெட்டியும் முகவரி வழங்கத் தொடங்குகிறது! ஓர் ஊரில் இரு பட்டாமணியங்கள் சிட்டா எழுதிய கதையாகிறது. பொய்ப் பெட்டியிடம் முகவரி பெற்றவர் வாயில் தெரியாது திகைப்பர். மெய்ப் பணியகத்திடம் பெற்றவர் நலமாயிருப்பர். ஒரே அறையில் ஒருவனுக்கு இணைப்பு உண்டு, மற்றவனுக்கு இல்லை என்னும் புதிர் இவ்வாறும் பிறக்கும். அத்தகைய பெட்டியில் டி.எச்.சி.பி.யை நிறுத்திவிட வேண்டும். நல்ல ஸ்விட்சுகளில், இசைவு பெற்ற துளை வழியாக வரும் முகவரி விடையை மட்டுமே ஏற்கும் காவல் ஏற்பாடும் உண்டு. அதனை இயக்கி வைத்தல் வேண்டும்.

இரண்டாம் பணி: பெயரேடு

மனிதன் பெயரை நினைவில் வைக்கிறான். இயந்திரம் எண்ணை வேண்டுகிறது. இரண்டையும் இணைப்பது டி.என்.எஸ். தொடக்கத்தில் உலகக் கணினிகளின் பெயர்களெல்லாம் ஒரே ஏட்டில் எழுதப்பட்டுக் கலிபோர்னியாவில் ஓரிடத்தில் காக்கப்பட்டன. வலை வளர வளர ஏடு தாங்கவில்லை. 1983-ல் பால் மொக்கபெட்ரிசு அப்பணியைப் பலரிடம் பகிர்ந்தளிக்கும் முறையை வகுத்தார்.

பெயரேடு நின்றால் இணையமே நின்றதுபோல் தோன்றும். ஆயினும் பாதை திறந்தே இருக்கும்! ஆகவே கண்ட்ரோலரில் முகவரித் தொகுதியை அமைப்போர், பெயர்ப் பணியகம் ஒன்றுக்கு இரண்டாகக் குறித்துவைத்தல் நலம். நம் பக்கத்திலும் ஒரு செய்தி உண்டு. கைப்பேசியில் 'பிரைவேட் டி.என்.எஸ்.' என்னும் இடத்தில் குறிப்பிட்டதொரு பெயரை எழுதி வைத்திருந்தால், வளாகத்தின் நுழைவுப் பக்கம் திறவாது போகலாம். வலையைப் பழிக்குமுன் அதனைத் தற்காலிகமாக நீக்கிப் பார்க்கலாம்.

மூன்றாம் பணி: நேரம்

வலையில் மணி பார்ப்பது எதற்கு என்று சிலர் நகைக்கலாம். கண்ட்ரோலரும் ஆக்சஸ் பாயிண்டும் ஒன்றையொன்று நம்புவதற்குச் சான்றிதழ் காட்டுகின்றன. அச்சான்றிதழ் எந்நாள் முதல் எந்நாள் வரை செல்லும் என்று அதில் எழுதியிருக்கும். மின்தடைக்குப் பின் கண்ட்ரோலரின் கடிகாரம் பழைய ஆண்டுக்குத் திரும்பிவிட்டதென வைத்துக்கொள்வோம். அதன் கண்ணுக்குச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை! ஆக்சஸ் பாயிண்டுகள் உள்ளே நுழையாது வெளியே நிற்கும். கம்பியும் அலையும் கருவியும் நன்றாயிருந்தும், ஒரு கடிகாரத்தால் வளாகம் முழுவதும் இருளும்.

கணிப்பொறிகள் தம்முள் நேரம் ஒத்துக்கொள்ளும் என்.டி.பி. முறையை 1985-ல் வகுத்தவர் டேவிட் மில்ஸ். பிறவியிலேயே கண் அழுத்த நோயால் பார்வை குன்றியிருந்த அவர், உலகின் கடிகாரங்களையெல்லாம் ஒழுங்குபடுத்திவிட்டு 2024-ல் மறைந்தார். நம் நாட்டின் நேரத்தைக் காப்பது புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். 2022 ஏப்ரல் 28-ஆம் நாள் சர்ட்-இன் அமைப்பு வெளியிட்ட ஆணை, நிறுவனங்களின் கணினிகள் அவ்வாய்வகத்தின் நேரத்தோடோ தேசியத் தகவலியல் மையத்தின் நேரத்தோடோ, அவற்றை ஒட்டிய மற்றொரு நேரப் பணியகத்தோடோ ஒத்திருக்க வேண்டும் என்கிறது.

நான்காம், ஐந்தாம் பணிகள்: அடையாளமும் பதிவேடும்

விடுதிகளில் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல்; அதுவும் சுவரில் எழுதப்பட்டிருக்கும். மூன்றாண்டுக்கு முன் படித்துச் சென்றவனும் தெருவில் நின்று அதனைப் பயன்படுத்தலாம். பல்கலைக்கழகங்கள் ஆளுக்கொரு கணக்குத் தந்து, ரேடியஸ் என்னும் பணியகத்தால் சரிபார்க்கும் முறையைக் கைக்கொள்கின்றன. இதன் விரிவே எடுரோம். 2002-ல் நெதர்லாந்தில் எழுந்த எண்ணம் அது. ஒரு கல்வி நிலையத்து மாணவன் மற்றொன்றுக்குச் சென்றாலும் தன் சொந்தக் கணக்கிலேயே அலையில் இணையலாம். இந்தியாவில் அதனை எர்னெட் நடத்துகிறது. யாதும் ஊரே என்னும் கொள்கைக்கு வலையிலும் இடமுண்டு போலும்! ஆயினும் அதே பெயரில் எவரும் பொய்யலை பரப்பலாம். சான்றிதழைச் சரிபாராது கடவுச்சொல்லை இடுதல் ஆகாது.

யார் எப்பொழுது எம்முகவரி பெற்றார் என்பதைக் கண்ட்ரோலர் எழுதி வைக்கிறது. மேற்சொன்ன 2022-ஆம் ஆண்டு ஆணை, இத்தகைய பதிவேடுகளை 180 நாள் காக்கச் சொல்கிறது. குறை காண்பதற்கும் குற்றம் காண்பதற்கும் அது வேண்டும். அதே வேளையில் ஒரு மாணவி எந்நேரம் எக்கட்டிடத்தில் இருந்தாள் என்பதையும் அப்பதிவேடு சொல்லிவிடும். ஆதலால் அதனைத் திறக்கும் உரிமை யாருக்கு என்பதில் நிருவாகத்தார் கண்டிப்பாயிருத்தல் வேண்டும்; கேட்டறியும் உரிமை மாணவருக்கும் உண்டு. கண்ட்ரோலரின் ஆட்சிக் கதவுகளும் அவ்வாறே. மறைப்பின்றிப் பேசும் டெல்நெட்டை மூடி எஸ்.எஸ்.எச். திறத்தல், பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுதல், அமைப்புகளின் படியொன்றை வேறிடத்தில் காத்தல் ஆகிய மூன்றும் செலவில்லாக் காவல்கள்.

தேனி தந்த பாடம்

இத்தனை பணிகளைக் காப்பது வல்லுநர் நிறைந்த ஐதராபாத்திலேயே எளிதன்று. வல்லுநர் இல்லாத சிற்றூர்களில் எங்ஙனம்? இதற்கு விடை கூறும் வரலாறு நம் தமிழ்நாட்டிலேயே உள்ளது.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக ஆய்வாளர் குழு ஒன்று, தேனியிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டார ஊர்களிலுள்ள கண் பார்வை மையங்களோடு நெடுந்தொலை வை-பை இணைப்புகளால் சேர்த்தது. கிராமத்து நோயாளி தம் ஊருக்கு அருகிலுள்ள மையத்தில் அமர்ந்திருப்பார்; மருத்துவர் தேனியிலிருந்து அவரைக் கண்டு பேசுவார். ஒரு நாட்கூலியையும் பேருந்துச் செலவையும் இழக்காமல் முதியவர் ஒருவர் மருத்துவரைக் காண்பது சிறிய செய்தியா? அக்குழுவினர் 2008-ல் வெளியிட்ட கட்டுரையின்படி, மூன்றாண்டுகளில் 30,000-க்கு மேற்பட்ட சிற்றூர் நோயாளிகள் இம்முறையால் ஆலோசனை பெற்றனர். 3,000-க்கு மேற்பட்டோர் பார்வை மீளப் பெற்றனர்.

அலையைத் தொலைவுக்கு அனுப்புவதை அவர்கள் வென்றுவிட்டனர். அதன்பின் தொல்லை தந்தது அலையைச் சுற்றியுள்ள யாவும். ஏறியிறங்கும் மின்னழுத்தம் கருவிகளைக் கெடுத்தது. இணைப்பு அறுந்தால், காரணம் மின்சாரமா, ஆன்டெனாவா, அமைப்பா என்று உள்ளூரில் பிரித்தறிய வல்லார் இல்லை. தொலைவிலுள்ள வல்லுநர் பார்க்க வேண்டுமெனின் அதே அறுந்த இணைப்பின் வழியாகத்தான் வர வேண்டும்!

அவர்கள் கண்ட தீர்வுகள் எளியவை. திகைத்து நிற்கும் பெட்டியைத் தானே மறுபடி இயக்கும் காவற்கருவி வைத்தனர். ஒவ்வொரு பெட்டியும் தன் நலத்தைத் தானே வெளியே அறிவிக்கச் செய்தனர். அமைப்பு பிழைத்த நாளிலும் பக்கத்துப் பெட்டியிலிருந்து எட்டிப் பார்க்க ஏதுவாக, மாறாத உள்முகவரி ஒன்றை இணைப்புதோறும் வைத்தனர். இவற்றினும் மேலாக, உள்ளூர்ப் பணியாளருக்குக் குறை காணும் முறையைக் கற்பித்தனர். தேனி வலை வெறும் வெள்ளோட்டத்தோடு முடியாமல் நிலைபெற்றதற்கு அக்கல்வி ஒரு தலையாய காரணம்.

குறை காணும் முறை

அக்கல்வியை நாமும் பெறலாம். 'நெட் ராவட்லேது' என்று பொதுவாகக் கூறாமல், பின்வரும் படிகளை வரிசையாக ஏறிப் பார்க்க வேண்டும்.

முதற்படி: அலையில் சேர முடிகிறதா? கடவுச்சொல்லிலேயே மறுக்கப்படின் அடையாளப் பணியை ஆராய்க.

இரண்டாம் படி: அமைப்புப் பக்கத்தில் ஐ.பி. முகவரியைக் காண்க. 169.254 என்று தொடங்கினாலோ, ஒன்றும் இல்லையெனினோ முகவரிப் பணியில் குறை.

மூன்றாம் படி: வாயில் முகவரியை இணைப்பு நன்றாயுள்ள நண்பனுடையதோடு ஒப்பிடுக. ஒரே மாடியில், ஒரே வலைப்பெயரில் அது வேறுபட்டால் பொய்ப் பெட்டி ஒன்று புகுந்துள்ளதோ என்று ஐயுறுக.

நான்காம் படி: மடிக்கணினியில் 'பிங்' கட்டளையால் முதலில் வாயிலையும், பின் 8.8.8.8 போன்ற வெளி எண்ணையும் அழைக்க. வாயில் விடை தந்து வெளி எண் தாராவிடின், குறை பெரும்பாலும் விடுதிக்கு வெளியே, இணைய நிறுவனத்தின் பக்கம். எண் விடை தந்து பெயர் மட்டும் திறவாவிடின் பெயரேட்டில் குறை.

ஐந்தாம் படி: எப்பக்கத்தைத் திறப்பினும் 'பாதுகாப்பற்றது' என்னும் எச்சரிக்கை எழுந்தால், முதலில் கருவியின் தேதியையும் மணியையும் பார்க்க.

ஐந்து நிமிட வேலை இது. இதன்பின் விடுதிக்காரரிடம், "மூன்றாம் மாடியில் இருபது பேருக்கு மாலை ஏழு மணிக்குமேல் முகவரி கிடைப்பதில்லை, தொகுதியை விரிக்க வேண்டும்" என்று கூறிப் பாருங்கள். அவர் வாங்கவிருந்த ரௌட்டரின் விலை மிஞ்சும். பழுது பார்க்க வரும் இளைஞரும் எங்கே கை வைப்பது என்று தெரிந்தே படியேறுவார்.

நண்பர்களே! ஆண்டுதோறும் நம் ஊர்களிலிருந்து புதிய மாணவர் இங்கு வருகின்றனர். மொழி புதிது, உணவு புதிது, இடமும் புதிது. வீட்டோடு அவர்களைப் பிணைத்திருப்பது இவ்வலை ஒன்றே. நம் சங்கம் அவர்களுக்கு வாடகை அறை காட்டித் தருகிறது. தெலுங்கு எழுத்தும் சொல்லித் தருகிறது. அவற்றோடு மேற்கண்ட ஐந்து படிகளையும் ஒரு தாளில் எழுதி, விடுதிதோறும் ஒட்டிவைக்கலாம். கணிப்பொறி பயிலும் நாம் விடுதிக்கு ஒருவர் வீதம் முன்வந்து, மாதம் ஒரு மாலை அப்பணியில் செலவிடலாம். நூலில் படித்த டி.எச்.சி.பி. நம் கைக்கு வருவதும் அப்பொழுதுதான்.